பந்தைப் பரிமாறுகிற பெண்

பெண் குழந்தை ஏழாம் வகுப்பு வரை பள்ளி மைதானத்தில் ஓடியாடி விளையாடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வயதுக்கு வந்து, மஞ்சள் நீராட்டி, பாவாடை தாவணி கட்டி உட்கார வைத்த மறுமாதமே, "இனிமே என்னடி ஓட்டமும் ஆட்டமும்?" என்று ஒரு குரல் எழும்பும். அந்தக் குரல் பெரும்பாலும் வீட்டு ஆண்களுடையது அல்ல. அம்மா, பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று பெண்களாகிய நம்முடையதுதான். கொள்ளிடக் கரையில் இருக்கும் எங்கள் திருமானூரிலும் இதே கதைதான். ஜல்லிக்கட்டுக்குப் போகிற பையனுக்குத் திருநீறு பூசி அனுப்புகிற வீட்டில், பெண் பந்தைத் தொட்டால் மட்டும் "கை கால் ஒடிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று கவலை வந்துவிடுகிறது.

கவலைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு நல்ல பதிலாக நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெண் இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். எதற்காக? கூடைப்பந்துக்காக!

அது என்ன ஆட்டம்?

ரிங் பந்து ஆடிய சகோதரிகளுக்குக் கூடைப்பந்து புரிந்துகொள்ளக் கஷ்டமே இல்லை. அணிக்கு ஐந்து பேர். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் உள்ள தளம். இரண்டு முனையிலும் பத்து அடி உயரத்தில் வலை கட்டிய வளையம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. தரையில் தட்டிக்கொண்டேதான் போக வேண்டும். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஒரு தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைத்துக் கடுகு வெடிப்பதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பத்துப் பத்து நிமிஷமாக நாலு பகுதி. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன ஆட்டம் மாதிரி இருக்கும். ஆடிப் பார்த்தால் மூச்சு வாங்கிவிடும்.

1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்களுக்கு உள்ளரங்கில் ஆட ஏதாவது வேண்டுமே என்று இதைக் கண்டுபிடித்தார். மாட்டிவைத்தது பீச் பழக் கூடை; அதனால்தான் கூடைப்பந்து என்ற பெயர். மறு வருஷமே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தன் கல்லூரிப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆகவே இது 'ஆம்பளைப் பசங்க ஆட்டம்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டத்துக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆட்டம் 1936-இல் வந்துவிட்டது. பெண்கள் ஆட்டத்துக்கு 1976 வரை, நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பந்தியில் நிற்கிறவள்

ஐந்து பேரில் ஒருத்திக்குப் 'பாயிண்ட் கார்ட்' என்று பெயர். பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவள் இவளாகத்தான் இருப்பாள். பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பக்கம் கொண்டுபோவது இவள் வேலை. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு வழி இருக்கிறது, யார் களைத்துவிட்டாள் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். பந்தைப் பார்த்துத் தட்டக்கூடாது. கை தானாகத் தட்ட, கண் நாலு பக்கமும் இருக்க வேண்டும். சரியான விநாடியில் சரியானவளுக்குப் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். கூடையில் போடுகிறவள் இன்னொருத்தி, கைதட்டல் அவளுக்கு.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்குமே? கல்யாணப் பந்தியில் எந்த இலையில் சாம்பார் இல்லை, எந்தக் குழந்தைக்கு அப்பளம் வரவில்லை என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிற பெண்மணி ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அதே கண்தான் பாயிண்ட் கார்டுக்கு வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நாம் பரிமாறியதை யாரும் கணக்கு வைப்பதில்லை. கூடைப்பந்தில் வைக்கிறார்கள்! பந்தைக் கொடுத்து, அதை வாங்கியவள் உடனே கூடையில் போட்டால், கொடுத்தவள் பெயரில் 'அசிஸ்ட்' என்று ஏட்டில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் பெண்களுக்கென்றே 1997-இல் தொடங்கிய தொழில்முறைப் போட்டிகளில் சூ பர்ட் என்ற பாயிண்ட் கார்ட் 2002 முதல் 2022 வரை சியாட்டில் அணி ஒன்றுக்காக மட்டுமே ஆடினார். அவர் கொடுத்த அசிஸ்ட் 3,234. அவர் ஓய்வு பெற்றபோது அதுதான் அந்தப் போட்டிகளின் சாதனை. நாலு முறை கோப்பை, ஐந்து ஒலிம்பிக் தங்கம். நடுவில் முழங்கால் தொந்தரவால் இரண்டு பருவம் முழுக்க ஆட முடியாமலும் போயிருக்கிறது. ஆனாலும் திரும்பி வந்து 41 வயது வரை ஆடினார். எடுத்துக் கொடுக்கிற கைக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் ஊர் அனிதா

அனிதா பால்துரை 1985-இல் பிறந்தவர். பள்ளியில் முதலில் ஓட்டப் பந்தயம், வாலிபால் என்றுதான் ஆரம்பித்தார். பிறகு கூடைப்பந்துக்கு வந்தார். 2000-ஆம் ஆண்டிலேயே இந்திய அணியில் இடம். கணக்குப் பாருங்கள், அப்போது அவருக்குப் பதினைந்து வயதுதான்! நம் வீடுகளில் தாவணியைச் சரிசெய்யச் சொல்லி அதட்டுகிற அந்த வயதில் அவர் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டார். 19 வயதில் அணித்தலைவி. தன்னைவிட மூத்த பெண்களையெல்லாம் அரவணைத்து ஆட வைக்க வேண்டிய பொறுப்பு. 2017 வரை பதினெட்டு வருஷம் நாட்டுக்காக ஆடியிருக்கிறார். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெருமையும் அவருக்குத்தான்.

நடுவில் கல்யாணம் ஆயிற்று, குழந்தையும் பிறந்தது. நம் வழக்கப்படி அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுபடியும் பயிற்சி செய்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு, அணிக்குள் வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவுப் போட்டியில் அவர் இடம்பெற்ற இந்திய அணி, இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்றது. இரண்டே புள்ளி வித்தியாசம்! ஒரே ஒரு கூடை! அந்த வெற்றியால் இந்தியா மேல் பிரிவுக்கு உயர்ந்தது.

'சோற்றுக்கு என்ன வழி?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிரிக்கெட் மாதிரி கோடிக்கணக்கில் பணம் புரளும் ஆட்டம் அல்ல இது. அனிதா காலத்தில் நம் நாட்டுப் பெண்களுக்குக் கூடைப்பந்தே சம்பளம் தருகிற தொழிலாக இருந்ததில்லை. ஆனால் ஆட்டம் வேலை வாங்கித் தந்தது. அனிதா தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். ஆட்டத்தோடு படிப்பையும் விடாமல் பட்டமும் பெற்றார். இந்தியாவில் நெடுங்காலமாக விளையாட்டுப் பெண்களுக்குச் சோறு போட்டது ரயில்வேதான். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனைகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது.

இரத்தம் இருந்தால்தான் ஓட்டம்

இனி நம் அடுப்படிக்கு வருவோம். பெண் ஓட வேண்டுமானால் உடம்பில் இரத்தம் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி, படிப்பில் கவனம் இல்லாமை, சாம்பலையும் பச்சரிசியையும் தின்னுவது எல்லாம் அதன் அறிகுறியாக இருக்கலாம். 'சோம்பேறி' என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பெண் உண்மையாகவே விழுங்குகிறாளா என்று விசாரியுங்கள். பூச்சி மாத்திரையும் தவறக்கூடாது. முருங்கைக்கீரை, கம்பங்கூழ், கேழ்வரகு அடை, வேர்க்கடலை, எள்ளுருண்டை, கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் நம் பக்கத்தில் கிடைக்கிற சமாச்சாரம்தானே? அசைவம் உண்டென்றால் ஈரல், முட்டை, ஆற்று மீன். கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தச் சத்து சேராமல் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

இன்னொன்று. வீட்டில் முட்டை நாலு இருந்தால் முதலில் பையன் தட்டுக்குப் போகிறது பாருங்கள், அந்தப் பழக்கத்தை மாற்றினாலே பாதி இரத்தசோகை ஓடிவிடும்!

தாய்மார்கள் கேட்கும் சந்தேகங்கள்

மாதவிலக்கு நாளில் விளையாடலாமா? தாராளமாக. அதனால் கர்ப்பப்பைக்கு ஒரு கெடுதலும் இல்லை. லேசான ஓட்டம் சிலருக்கு வலியைக்கூடக் குறைக்கிறது. மிகுந்த வலி, அதிக இரத்தப்போக்கு இருந்தால் அன்றைக்கு ஓய்வு கொடுத்து, மாதாமாதம் அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கே வராவிட்டால் அதை 'நல்லதாப் போச்சு' என்று விடக்கூடாது. சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

குதித்தால் 'கற்பு கெட்டுவிடும்' என்று பேசுகிறார்களே? அது வெறும் அறியாமை. வேறு வார்த்தை சொல்வதற்கில்லை.

முழங்காலில் அடிபடாதா? இதில் கவனம் தேவைதான். குதித்து இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது முழங்கால் ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்தால் முழங்காலை மடக்கி, பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கப் பழக வேண்டும். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும். நல்ல பயிற்சியாளர் இதைச் சொல்லித்தருவார். கால் வீங்கினால் உருவிவிட்டு நீவி எடுக்காமல், ஐஸ் ஒத்தடம் கொடுத்து, கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன உடை? மார்பை அசையாமல் தாங்கும் உள்ளாடை, சரியான அளவுள்ள ஷூ, வியர்வை உறிஞ்சும் பருத்திச் சட்டை. உள்ளாடை சரியில்லாமல் கூச்சப்பட்டே ஆட்டத்தை விட்ட பெண்கள் எத்தனையோ. அவள் வாய் விட்டுக் கேட்கமாட்டாள். அம்மாதான் தெரிந்து வாங்கித்தர வேண்டும்.

குழந்தை பெற்ற பிறகு?

அனிதாவைப் போலத் திரும்ப ஓட ஆசைப்படும் இளந்தாய்களுக்கு: சுகப்பிரசவமானாலும் மூன்று மாதத்துக்கு முன்னால் ஓட்டமும் குதியும் வேண்டாம். முதலில் மெல்ல நடை. சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறதென்றால் 'பிள்ளை பெத்தா இப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், சரிசெய்யக்கூடியதுதான். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். பால் கொடுக்கிறவர்கள் ஓடலாம், பால் கெட்டுப்போகாது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனமில்லாமல் இருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அமெரிக்காவின் கேண்டஸ் பார்க்கர் 2009 மே மாதம் பெண் குழந்தை பெற்று, ஜூலையிலேயே ஆட்டத்துக்கு வந்தார். அவ்வளவு அவசரம் நமக்கு வேண்டாம். அவருக்குப் பின்னால் டாக்டர்களும் பயிற்சியாளர்களும் ஒரு படையாக நின்றார்கள். அங்கேயும் 2020-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் பிரசவ விடுப்பில் ஆட்டக்காரிகளுக்கு முழுச் சம்பளம் கிடைத்தது. தாய் திரும்பி வர வேண்டுமானால் அவள் மனவுறுதி மட்டும் போதாது. சம்பளத்தோடு விடுப்பும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். மாமியாரும் நாத்தனாரும் கணவரும் ஒரு இரண்டு மணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டால், அதுவும் ஒரு அசிஸ்ட்தான்!

எங்கே போய்க் கேட்பது?

முதலில் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம். அடுத்து, மாவட்ட விளையாட்டு அலுவலகம். எங்களுக்கு அது அரியலூர். உங்களுக்கு உங்கள் மாவட்டத் தலைநகர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேரத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள்; பெண்களுக்குத் தனி விடுதிகள் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் கிடைக்கும். கோடை விடுமுறைக்கு முன்பே விசாரித்து வையுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாவட்ட அளவில் பள்ளிப் பெண்கள் கலந்துகொள்ளலாம்.

பெண்ணை அனுப்பும் இடத்தில் பெண் ஆசிரியர் அல்லது பயிற்சியாளர் இருக்கிறாரா, கழிப்பறை இருக்கிறதா, வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போகிறார்கள் என்று நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது நம் உரிமை. அந்தப் பதில்கள் திருப்தியாக இருந்தால், பிறகு தைரியமாக அனுப்புங்கள்.

எல்லாப் பெண்ணும் பத்மஸ்ரீ வாங்கப்போவதில்லை. மைதானத்தில் ஓடிய எத்தனையோ பேரில் இந்திய அணிக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஆனால் நாலு வருஷம் பந்து தட்டிய பெண்ணுக்கு எலும்பு உறுதிப்படும், தோல்வியைத் தாங்கும் மனசு வரும், பஸ்ஸில் ஒருவன் இடித்தால் திரும்பி முறைக்கும் தைரியம் வரும். 24 விநாடிக்குள் முடிவெடுக்கத் தெரிந்தவள் வாழ்க்கையில் எந்த முடிவுக்கும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள். ஆகவே சகோதரிகளே, அடுத்த தடவை உங்கள் மகள் வியர்வையோடு, முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தால், "எங்கேடி போய் விழுந்தே?" என்று ஆரம்பிக்காமல், "இன்னைக்கு எத்தனை பந்து எடுத்துக் கொடுத்தே?" என்று கேட்டுப் பாருங்கள்.