யாரைப் பார்த்துச் சிரிக்க அனுமதி?

'அர்ஷின் மால் ஆலன்' என்ற 1945 அஜர்பைஜான் படத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி வந்தாலும் வந்தது, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் நடிகரின் பெயரைக் குழப்பிக்கொள்கிறார்கள். மீதிப் பேர், ஸ்டாலின் காலத்தில் ஒரு நகைச்சுவை நடிகர் எப்படிப் பிழைத்தார் என்று கேட்கிறார்கள். பக்கம் இன்று மாலை அச்சுக்குப் போகிறது. அஜர்பைஜான் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க நேரமில்லை. இரண்டாவது கேள்விக்கே போவோம்.

ஆள், லுத்ஃபலி அப்துல்லாயெவ். 1914-ல் ஷெக்கியில் பிறந்தவர். அப்போது ஊரின் பெயர் நூஹா. தலைநகர் பாகுவின் இசை நகைச்சுவை அரங்கம்தான் அவருடைய வீடு. மேடையில் நடிகை நசீபா ஜெய்னலோவாவும் அவரும் சேர்ந்தால் போதும், வேறு கதை வேண்டியதில்லை. 1945 படத்தில் அவர் வேலைக்காரன் வெலி.

கதை உஜெயிர் ஹாஜிபெயோவ் 1913-ல் எழுதிய இசை நாடகம். ஷூஷா நகரத்துப் பணக்கார வியாபாரி அஸ்கருக்குப் பெண்ணின் முகம் பார்த்துத்தான் கல்யாணம் செய்ய வேண்டும். ஊரிலோ எல்லாப் பெண்களும் முக்காட்டுக்குள். துணி விற்பவன் மட்டும் எந்த வீட்டு முற்றத்துக்கும் போகலாம். ஆகவே துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். முதலாளி அஸ்கருக்கு குல்சோஹ்ரா கிடைக்கிறாள் என்றால், வெலிக்கு அவள் வீட்டுப் பணிப்பெண் தெல்லி. முடிவில் நான்கு ஜோடிகள். பெண்ணின் அப்பா சுல்தான் பேகூடத் தப்பவில்லை.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. 1913-ல் பாகுவில் இது அரங்கேறியபோது குல்சோஹ்ராவாக நடித்தது அகமது அக்தாம்ஸ்கி என்ற ஆண். பெண்கள் மேடையேற முடியாத ஊரில், பெண்ணை மூடிவைப்பதைக் கேலி செய்த நாடகம் அது. கேலிக்கு ஆளானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். 1920-ல் பாகு போல்ஷெவிக்குகளின் கைக்குப் போனது. பேக்கள் என்ற நிலப்பிரபுக்கள் போனார்கள், வியாபாரிகள் போனார்கள், பிறகு முக்காட்டை எடுக்கச் சொல்லி அரசே இயக்கம் நடத்தியது. 1945-ல் அதே கதை திரைக்கு வருகிறது. நகைச்சுவை மாறவில்லை, அது பாயும் திசை மாறிவிட்டது. அன்று அதிகாரத்தில் இருந்தவர்களைக் குத்தியது, இப்போது அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சாட்சி சொல்கிறது: பாருங்கள், எங்களுக்கு முன்னால் எப்படியெல்லாம் இருந்தது!

ஸ்டாலின் காலத்து விதி இதுதான்: சிரிக்கலாம், ஆனால், ஏற்கெனவே ஒழித்துக்கட்டப்பட்டவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பழைய வணிகர், கஞ்சப் பே, குட்டையைக் குழப்பும் வேலைக்காரன் எல்லோருக்கும் தடையில்லை. மாவட்டக் கட்சிச் செயலாளருக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. இந்த உரிமமும் வேடத்துக்குத்தான், நடிகருக்கு அல்ல. இசை நகைச்சுவை அரங்கம் தொடங்கிய அதே 1938-ல், அதே பாகுவின் நகைச்சுவை நடிகை பன்ஃபிலியா தனாயிலிதி உளவுக் குற்றச்சாட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

லுத்ஃபலியின் கெட்டிக்காரத்தனம், இந்தக் குறுகிய சந்தில் ஒரு முழு மனிதனை நடமாட விட்டது. வெலி முதலாளியின் பின்னாலேயே ஓடுகிறான். ஆனால், தன் காதலை முதலாளியிடம் கடன் வாங்கவில்லை. அரசு அவனைப் பழங்காலத்தின் சின்னமாக வைத்துக்கொண்டது. கொட்டகையில் இருந்தவர்களோ பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தார்கள்.

இனி மற்றக் கேள்விகள்.

லுத்ஃபலிக்குத் தரப்பட்ட 'மக்கள் கலைஞர்' பட்டம் என்றால்? மக்கள் ஓட்டுப் போட்டுத் தந்ததல்ல. உச்ச சோவியத்தின் தலைமைக்குழு ஆணை பிறப்பித்துத் தந்தது. குடியரசு அளவில் ஒன்று, அதற்கு மேலே மொத்த சோவியத் ஒன்றியத்துக்கும் ஒன்று இருந்தது. 1946-ல் படக்குழுவுக்கு ஸ்டாலின் பரிசு வந்தபோது லுத்ஃபலி பெயரும் இருந்தது. 1949-ல் குடியரசுப் பட்டமும் வந்தது. முதலாளியாக நடித்த பாடகர் ரஷீத் பெஹ்புதோவ் 1959-ல் மேல்படிக்கு ஏறினார். வேலைக்காரன் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டான்.

136 நாடுகளில், 86 மொழிகளில் ஓடியதாமே? அப்படித்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், 1945-ல் ஐ.நா. சபையைத் தொடங்கிய நாடுகளே 51 என்பதால் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

1956-ன் 'ஓ ஒல்மாசின், பு ஒல்சுன்' படத்தில் கிழட்டு மாப்பிள்ளை மஷாதி இபாத் லுத்ஃபலிதானா? இல்லை, அலியாகா அகாயேவ்.

1965-ல் வண்ணத்தில் வந்த 'அர்ஷின் மால் ஆலன்' படத்திலும் லுத்ஃபலிதான் வெலியா? இல்லை, அதில் வெலி, ஹாஜிபாபா பாகிரோவ். நசீபா உண்டு, அத்தை வேடத்தில்.

நடிகர் பஷீர் சஃபரோக்லுவும் லுத்ஃபலியும் ஒருவர்தானா? இல்லை, அவர் வேறு ஆள், இளையவர், 1969-லேயே போய்விட்டார்.

லுத்ஃபலி எப்போது இறந்தார்? 1973, பாகுவில்.