இசைக்கருவிகளுடன் எல்லை கடப்போருக்குத் தேவையான அனுமதிப்பத்திரங்கள்

குடும்பத்தில் வழிவழியாக வந்த வீணையையோ குருநாதர் அளித்த கஞ்சிராவையோ தாயகத்திலிருந்து இங்கு கொண்டுவர விரும்புவோர் பலர். அக்கருவியில் யானைத் தந்தமோ உடும்புத் தோலோ இருப்பின், உரிய அனுமதிப்பத்திரம் இன்றி அதனைக் கொண்டுவருதல் குற்றமாகும். எல்லையில் அது பறிமுதல் செய்யப்படலாம்.

எவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை?

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை 1973ஆம் ஆண்டின் சைற்றிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகின்றது. பழைய தஞ்சாவூர் வீணைகள் சிலவற்றில் தந்தப் பதிப்பு வேலை உண்டு. மரபான கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை. இவ்விரண்டுக்கும் மிகக் கடுமையான விதிகள் பொருந்தும். ரோஸ்வூட் எனப்படும் ஈட்டி மரமும் பட்டியலில் உள்ளது. எனினும் அம்மரத்தால் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. மிருதங்கத்துக்குரிய பலாமரமும் ஆடு, மாட்டுத் தோல்களும் சைற்றிஸ் பட்டியலில் இல்லை.

பிரெக்சிற்றுக்குப் பின் என்ன மாறியது?

முன்னர் இலண்டனிலிருந்து பாரிசுக்குக் கச்சேரிக்குச் செல்லும் கலைஞருக்கு இவ்வனுமதி தேவைப்படவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பெரிய பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலும் இவ்விதிகள் செயற்படுகின்றன. அடிக்கடி பயணம் செய்வோர் இசைக்கருவிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அது மூன்று ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். அச்சான்றிதழுடன் கொண்டுசெல்லும் கருவியை வெளிநாட்டில் விற்கலாகாது.

செய்ய வேண்டியவை

1. கருவி எப்பொருள்களால் ஆனது, எப்போது பெறப்பட்டது என்பவற்றைக் காட்டும் பற்றுச்சீட்டு, பழைய புகைப்படம் முதலியவற்றைத் திரட்டுங்கள்.

2. தந்தமோ உடும்புத் தோலோ உள்ள கருவியை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுவர, அந்நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் இங்குள்ள இறக்குமதி அனுமதியும் தேவை. கருவி புறப்படுமுன் இரண்டையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

3. இங்கு அனுமதி வழங்குவது விலங்கு மற்றும் தாவர நல முகமை ஆகும். மாநகர சபை அன்று. பயணச்சீட்டு வாங்குமுன்னரே விண்ணப்பியுங்கள்.

4. எல்லையில் மூல அனுமதிப்பத்திரத்தை அதிகாரிகளிடம் காட்டி முத்திரை பெறுங்கள். நகற்பிரதி ஏற்கப்படாது.

வாங்குவோரும் விற்போரும் கவனிக்க

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பு வேட்டையையும் அதன் தோல் வணிகத்தையும் தடைசெய்கின்றது. ஆதலால் புதிய கஞ்சிரா வாங்குவோர் ஆட்டுத்தோலால் ஆனதைத் தேர்ந்துகொள்வதே நன்று. தந்தம் பதித்த வீணையை ஐக்கிய இராச்சியத்தில் விற்பதாயின், அது 1975க்கு முன் செய்யப்பட்டதாகவும் தந்தத்தின் அளவு 20 சதவீதத்துக்குக் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். விற்பனைக்கு முன் பதிவுசெய்தலும் கட்டாயமாகும். விற்காமல் வீட்டில் வைத்திருப்பதை இச்சட்டம் தடைசெய்யவில்லை.