போர்ட் லூயியில் ஒரு பகல்

என்னிடம் தமிழ் படித்த மாணாக்கன் ஒருவன் இப்பொழுது சரக்குக் கப்பலொன்றிலே கப்பலதிகாரிப் பயிற்சி பெறுகின்றான். எங்கள் கீழைமொழிக் கல்லூரியில் இலக்கண வகுப்பின் முன்வரிசையில் இருந்த பிள்ளை அவன். பண்டித பரீட்சையிற் சித்தியெய்துவான், எனக்குப் பின் என் நாற்காலியில் அமர்வான் என்றெல்லாம் நான் எண்ணியிருந்தேன். அவனோ கடலைத் தெரிந்துகொண்டான். விடைபெற வந்த நாளில், "உப்புத் தண்ணீரிலே தமிழ் கரைந்துபோம், தம்பி" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பினேன். அச்சொல்லுக்காக இன்று நாணுகின்றேன்.

அண்மையில் விடுமுறைக்கு வந்தவன், என் வீட்டு விறாந்தையிலிருந்து ஒரு மாலை முழுவதும் பேசினான். பேசியதெல்லாம் ஒரே ஒரு நாளைப்பற்றியே. மொரீசியசுத் தீவின் தலைநகராகிய போர்ட் லூயியிலே கப்பலினின்றும் இறங்கி, காலை எட்டு மணி தொடக்கம் மாலை ஆறு மணி வரையும் அவன் கரையிற் கழித்த நாள் அது. அந்நாளை வாசகர்க்கும் சொல்லவேண்டுமென்று ஏன் விரும்பினேன் என்பது போகப்போக விளங்கும்.

கடலிலிருந்து பார்ப்பவனுக்கு அந்நகரம் மலைகளின் மடியிற் கிடக்கும் குழந்தைபோலத் தோன்றுமாம். பின்புறத்தே நிமிர்ந்து நிற்கும் மலைகளுள் ஒன்றுக்குப் பிரெஞ்சு மொழியில் 'பெருவிரல்' என்று பெயர். 800 மீற்றருக்குச் சற்றே மேலான உயரம். மற்றொன்றின் உச்சியில், யாரோ தூக்கி வைத்துவிட்டுப் போனாற்போல உருண்டைப் பாறையொன்று இருக்கின்றது. "இன்றைக்கோ நாளைக்கோ விழும்போலத்தான் ஐயா கிடக்குது. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்தே கப்பல்கள் எத்தனை தலைமுறையாய் உள்ளே வந்திருக்கும்!" என்றான்.

ஆட்சிகள் பல கண்ட தீவு அது. ஒல்லாந்தர் 1598இல் வந்து தம் இளவரசர் மொரிசின் பெயரை அதற்கு இட்டனர், 1710இல் விட்டகன்றனர். 1715இல் பிரெஞ்சுக்காரர் கைக்கொண்டனர். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே என்பாரே அந்தத் துறையைத் துறைமுகமாக்கி நகரம் சமைத்தவர். கடலை நோக்கி நிற்கும் அவர் சிலையை மாணவன் முதலிற் கண்டான். 1810இல் ஆங்கிலேயர் வென்றனர். 1968இல் நாடு விடுதலை பெற்றது; 1992இற் குடியரசாயிற்று. அக்குடியரசின் முதற் தலைவராகச் சில திங்கள் இருந்தவர் சேர் வீராசாமி ரிங்காடு என்னும் தமிழர்.

தமிழர் அங்கே சென்றது இரு வகையாலே. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தரும் தச்சரும் பிற தொழிலாளரும் கொண்டு செல்லப்பட்டனர். அந்நகரின் பழைய கற்சுவர்களிலே அவர்தம் கையும் படிந்திருக்கின்றது. 1835இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்குக் கை வேண்டியிருந்தது. ஆகவே சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். 1834 முதல் 1920 வரையில் வந்தோர் தொகை ஏறத்தாழ 5 இலட்சம் என்பர்.

அவர்கள் இறங்கிய இடம் இன்று ஆப்ரவாசி காட் என்று வழங்குகின்றது. 'குடிவந்தோர் துறை' என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. கடலோரத்திலிருந்து மேலேறும் கற்படிகள் அங்கே எஞ்சி நிற்கின்றன. தன் சப்பாத்தைக் கழற்றிக் கையிலெடுத்துக்கொண்டு அவற்றின் அருகே நின்றதாக மாணவன் சொன்னான். "கழற்றச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, ஐயா. கழற்றவேண்டும்போலிருந்தது."

அதே நூற்றாண்டிலே நமது மலைநாட்டு மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மாத்தளை நோக்கி நடந்தனர். அவ்வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மீண்டும் நடந்தபோது, மாணவனும் ஒருநாள் உடன் நடந்தவன். ஆகையால், அந்தப் படிகளின் உயரத்தை அவன் கால் அறிந்திருந்தது.

நடுப்பகலிலே நகரின் மத்திய சந்தைக்குப் போனான். மிளகாயிட்ட பருப்பு வடைகளைப் பாணுக்குள் வைத்துத் தின்னும் வழக்கம் அங்கே உண்டு. இவனும் வாங்கினான். மீதிப் பணமாகக் கிடைத்த நூறு ரூபாய்த் தாளைப் பார்த்தவன், தின்பதை நிறுத்திவிட்டான். அதிலே ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழெழுத்து இருந்தது. தாளில் உருவம் பொறிக்கப்பட்டவரும் ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழர், சட்டத்தரணி, அரசியல்வாதி.

தாளைக் கொடுத்த கடைக்காரரும் தமிழ்ப் பெயருடையவரே. ஆனால் அவருக்குத் தமிழ் பேச வராது. அத்தீவின் தமிழருட் பெரும்பாலார் வீட்டிற் பேசுவது கிரியோல் மொழி. பெயர்களும் அம்மொழியின் வாய்ப்பட்டுத் திரிந்துள்ளன. முத்துசாமி 'மூட்டூசாமி' ஆயினார். ரசம் 'ரசோன்' ஆயிற்று. கைலாசம் என்னும் கோயிற்பெயர் 'கைலாசோன்' ஆயிற்று. இதனைக் கேட்டுச் சிரிப்பார் சிரிக்கட்டும். மகர மெய்யிலே முடியும் சொற்களை நாமே பேச்சில் மூக்கொலியாக்கி விடுகின்றோம். அந்த மூக்கொலியைக் கேட்டவாறே பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்தார்கள். எழுதினவன் பிழைக்கவில்லை, அவன் காது கூர்மையானது.

பேசாத அம்மொழிக்காக அம்மக்கள் செய்ததொன்று உண்டு. 1998இல் வெளிவந்த புதிய தாள்களிலே வழமையான வரிசை மாறி, தமிழ் இந்திக்குக் கீழே இறங்கிற்று. தமிழர் கிளர்ந்தெழுந்தனர். அத்தாள்கள் மீட்கப்பட்டு, 1999இல் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சாயின. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவர் பலர், அவ்வெழுத்து நிற்கவேண்டிய இடத்துக்காக வழக்காடினர். நமது நாட்டுத் தாளிலும் தமிழ் இருக்கின்றது. கடைசியாக எப்பொழுது அதனை நோக்கினோம்?

பிற்பகலிலே, நகரின் புறத்தே உள்ள அந்தக் கைலாசக் கோயிலுக்கு மாணவன் போனான். சொக்கலிங்கப் பெருமானும் மீனாட்சியம்மனும் எழுந்தருளியிருக்கும் தலம். தைப்பூசக் காவடி அங்கே நாடறிந்த விழா. அரசாங்க விடுமுறையும் உண்டு. கோயிலில் எழுபது வயது மதிக்கத்தக்க முதியவரொருவர், உரோம எழுத்திற் பெயர்த்தெழுதிய தேவாரத்தைப் பார்த்து ஓதிக்கொண்டிருந்தார். மாணவன் இலங்கைத் தமிழனென்று அறிந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "தமிழ் வாசிப்பாயா?" என்பது. கேட்டதும் ஆங்கிலத்திலே.

வாசிப்பேன் என்றதும் கையைப் பிடித்து அருகிலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். சுவாமி அறையிலே, விளக்கின் முன்னே, மஞ்சட்துணியிற் பொதிந்து சந்தனமும் குங்குமமும் இட்ட சிறு கொப்பியொன்று இருந்தது. அவருடைய பாட்டனாரின் தந்தையார் எழுதியது. மூன்று தலைமுறையாக வெள்ளிதோறும் அதற்குப் பூச் சாத்துகின்றார்களாம். அந்த ஆதிப் பெரியவர் ஏதோ தோத்திரம் எழுதி வைத்தார் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. வாசித்துப் பொருள் சொல்ல ஆளில்லை.

மாணவன் துணியை அவிழ்த்தான். முதற் பக்கத்திலே அவன் கண்டது ௷ என்னும் குறி. அடுத்த வரியிலே ௶. பின்னர் ௹. தோத்திரமன்று, அஃது ஒரு கூலிக்காரரின் வரவு செலவுக் கணக்கு.

இங்கே என் குற்றமொன்றையும் நான் ஒப்புக்கொள்ளல் வேண்டும். முன்னெல்லாம் என் வகுப்பிலே ஆண்டுக்கு இரு பாடவேளை தமிழெண்ணும் பழைய கணக்குக் குறிகளும் படிப்பிப்பேன். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். "ஐயா, இது எந்தச் சோதினைக்கு வரும்?" என்று ஒருநாள் எழுந்து கேட்டவன் இந்த மாணவனேதான். அவன் கல்லூரியை விட்டபின், பாடத்திட்டம் முடியவில்லை, நேரம் போதவில்லை என்று எனக்கு நானே சமாதானஞ் சொல்லி அப்பாடத்தைக் கைவிட்டேன். கைவிட்டது அவனுக்குத் தெரியாது.

அவன் வாசித்தான். வரவு, கூலி. பற்று, அரிசி. பற்று, உப்பு. பற்று, எண்ணெய். இரண்டு மூன்று திங்களுக்கு ஒரு முறை வேறொரு வரி வந்தது: "பற்று, ஊருக்கு, அம்மாவுக்கு, ௹ ௩." பொருள் சொல்லு முன்னரே முதியவர் அவனைத் தடுத்து, "அம்மா என்றா எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களுள் அதுவும் ஒன்று.

வருடங்கள் பெயராலே குறிக்கப்பட்டிருந்தன. யுவ வருடம் கழிந்து தாது வருடம் வந்தது. அவ்வருடத்தின் இடையோடு "அம்மாவுக்கு" என்ற வரி நின்றுபோயிற்று. அதன் பின் அரிசியும் உப்பும் எண்ணெயும் மாத்திரமே. ஏன் நின்றது என்று முதியவர் கேட்டார். தாது வருடம் என்பது 1876. சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பெரும் பஞ்சம் தொடங்கிய வருடம். இன்றும் அது 'தாது வருடப் பஞ்சம்' என்றே பேசப்படுகின்றது. காரணம் கொப்பியில் எழுதப்படவில்லை என்பதையும், பஞ்சத்தின் செய்தியையும் மாணவன் உள்ளவாறே சொன்னான். முதியவர் நெடுநேரம் பேசவில்லையாம்.

பின்னர் அவர் கேட்ட கேள்வியே மாணவனை என் விறாந்தை வரையிற் துரத்தி வந்தது. "பணம் எந்த இடத்துக்குப் போனது? அந்த இடத்தின் பெயர் இருக்கிறதா?" அதுதான் அக்குடும்பம் நூறாண்டுக்கு மேலாகத் தேடும் விடை. மாணவன் கொப்பியை முதலிலிருந்து கடைசி வரையும் புரட்டினான். எங்கும் 'ஊருக்கு' என்றே இருந்தது. ஊரின் பெயர் இல்லை. தன் ஊரின் பெயரைத் தன் கணக்கிலே எவன் எழுதி வைப்பான்?

"ஏதாவதொரு ஊரின் பெயரைச் சொல்லியிருக்கலாம், ஐயா. தஞ்சாவூர்ப் பக்கம் என்றாலும் நம்பியிருப்பார். எனக்கு மனம் வரவில்லை. ஊர் என்று மட்டுந்தான் எழுதியிருக்கு, அது ஓர் இடத்தின் பெயரில்லை, எல்லாத் தமிழரும் தங்கள் தங்கள் இடத்தைச் சொல்லுகிற சொல் என்று சொல்லிவிட்டேன். நான் செய்தது சரியோ?"

குற்றமற்ற நன்மை விளையுமாயிற் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடந்தந்துள்ளார். அக்குறளுக்கு முப்பது ஆண்டுகளாக உரை சொல்லி வந்தவன் நான். அவ்விடத்தில் நான் இருந்திருப்பின், ஓர் ஊரைச் சொல்லியிருப்பேனோ என அஞ்சுகின்றேன். அப்பொய்யினால் அக்குடும்பம் தனதல்லாத ஊரொன்றைத் தேடிக் கடல் கடந்திருக்கும். "சரிதான், தம்பி" என்றேன். அதற்குமேற் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை.

முதியவர் அந்தச் சொல்லைத் தமக்குச் சொல்லித்தரும்படி கேட்டாராம். 'ஊர்' என்று இருவரும் பலமுறை சொன்னார்கள். பின்னர் கொப்பியை மஞ்சட்துணியிற் பொதிந்து முன்னிருந்த இடத்திலேயே வைத்து விளக்கைத் தூண்டிவிட்டார். கணக்கென்று அறிந்தபின்னும் அது பூசையறையை விட்டு இறங்கவில்லை. ஆறு மணிக்கு மாணவன் கப்பலில் இருந்தான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாமும் இடம்பெயர்ந்த மக்களே. கடந்த நாற்பது ஆண்டுகளிலே நமது வீடுகளிலிருந்து சென்றவர்கள் தொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றார்கள். அவர்களும் 'ஊருக்குக் காசு அனுப்பினேன்' என்றே சொல்கின்றார்கள். 'ஊரிலே அம்மா' என்றே எழுதுகின்றார்கள். பெயர் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு ஊர் நெஞ்சிலே நிறைந்திருக்கின்றது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் அவ்வெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழிப்போக்கன் ஒருவனிடம், "வாசிப்பாயா?" என்று கேட்கக்கூடும். அந்நாளில் வாசிப்பவன் ஒருவன் இருக்கவேண்டும். வாசிக்கும் தாளிலே ஊரின் பெயரும் இருக்கவேண்டும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்க் கரும்பலகையிலே ௶ என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, "ஐயா, இது எந்தச் சோதினைக்கு வரும்?" என்று கேட்டாள். மாணவன் எனக்குத் தந்துபோன மொரீசியசு நூறு ரூபாய்த் தாளை அவள் கையிலே கொடுத்து, வகுப்புக்குக் கேட்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பின்னர், எல்லாரும் புதுக்கொப்பியொன்றை எடுங்கள், குறிகளை எழுதுமுன் முதற் பக்கத்திலே உங்கள் ஊரின் பெயரை முழுமையாக எழுதுங்கள் என்றேன்.