யார் வீட்டு மெட்டு?

எங்கள் ஊர் ஆலயத்தில் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே அட்டைக்குள் கட்டிய தடித்த புத்தகம் ஒன்று எல்லோர் கையிலும் இருக்கும். என் ஆச்சியின் கையிலும் இருக்கும். ஆனால் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. பலகையில் பாட்டு எண்ணை மாட்டியதும் பக்கத்தில் இருப்பவரிடம் முதல் வரியை மட்டும் கேட்டுக்கொள்வாள். மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள். மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலை என்றால் ஆர்கன் வாசிப்பவருக்குத்தான் திண்டாட்டம். அவர் அடுத்த அடிக்குப் போயிருப்பார். ஆச்சிமார் கூட்டம் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, வளைத்து, நிதானமாக வந்து சேரும். ஜெர்மன் மெட்டில் தாலாட்டின் குழைவு கலந்துவிட்டிருக்கும். அது பிழை என்றுதான் பாடகர் குழு சொல்லும். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

அந்த மெட்டு இங்கே வந்து முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். லூத்தரின் சபையில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டில்லாத ஆராதனை கிடையாது. எனவே அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊர்ப் பாடல்களைத் தமிழாக்கினார்கள். வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் இதில் முக்கியமானவர். அவர் பெயர்த்த ஞானப்பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. சிக்கல் சந்தத்தில் இருந்தது. ஜெர்மன் பாட்டு அழுத்தத்தை நம்பி நடக்கிறது. தமிழோ குறிலையும் நெடிலையும் நம்பி நடக்கிறது. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து உட்கார்ந்தால் ‘மனம்’ மானமாகிவிடும், ‘விடு’ வீடாகிவிடும். எதுகையும் மோனையும் பழகிய காதுக்கு அது முதலில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அந்தக் காதோடு பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போனவர். பின்னாளில் தஞ்சையை ஆண்ட சரபோஜியும் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவர்தான். அரண்மனையில் கேட்ட ராகங்கள், கோயில் திருவிழாவில் பார்த்த குறவஞ்சி, தெருவில் நடந்த காலட்சேபம் எல்லாம் சாஸ்திரியாரின் பேனாவுக்குள் இறங்கின. ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தி வந்து குறி சொல்கிறாள்; அவள் சொல்வது கிறிஸ்துவின் கதை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அவர் கட்டிய கீர்த்தனைகளுக்கு ராகமும் தாளமும் தலைப்பிலேயே உண்டு. கேட்டவர்களுக்கு மொழிபெயர்ப்பின் வாடை இல்லை.

1820களில் வந்த புதிய தலைமுறை மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. தமிழிசைக் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்கச் சொன்னார்கள். சுபகாரியங்களுக்குப் பூ வைப்பதற்கும் தடை. பழகிய வேத மொழிபெயர்ப்பையும் மாற்றினார்கள். சாஸ்திரியார் இவற்றைக் ‘கொடுமை’ என்றே பட்டியலிட்டு எழுதினார். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. கீர்த்தனையைப் புகழ்கிறவர்கள் அதை மட்டும் சொல்லாமல் நகர்ந்துவிடுவார்கள். ஆலயத்தில் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்கார வைத்ததும் அவருக்குக் கொடுமையாகவே பட்டது. பாட்டுக்காக நியாயமாக வாதாடியவர், பாயில் தனித்து உட்காரும் உரிமைக்காகவும் அதே மூச்சில் வாதாடினார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

கீர்த்தனை தோற்கவில்லை. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்களையும் மற்றவர்களின் பாடல்களையும் திரட்டி 1853இல் அச்சிட்டார். சாஸ்திரியார் இறந்தது 1864இல். ஆக, ஒரு காலத்தில் விலக்கச் சொன்ன பாட்டு மிஷன் வெளியிட்ட புத்தகமாகவே திரும்பி வந்ததை அவர் உயிரோடு இருந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் கீர்த்தனை யார் வீட்டு மெட்டு? இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்டவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ‘பரட்டை’ என்றால்தான் பலருக்கும் தெரியும். 2005இல் மறைந்தார். சபையில் பெரும்பாலோர் சேரியிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவர்கள். கர்நாடக ராகத்தில் அமைந்த செந்தமிழ்க் கீர்த்தனை அவர்களுக்கு ஜெர்மன் மெட்டைப் போலவே வெளியூர்ச் சரக்கு என்றார் அவர். நாட்டுப்புற மெட்டிலேயே முழு ஆராதனை முறையையும் எழுதினார். பேச்சுத் தமிழில் ஜெபம், கும்மி, பறை, ‘ஒரே உலை’ என்று எல்லோரும் ஒரு பானையில் உண்பதாக நற்கருணையைப் பற்றிய விளக்கம். சாவு வீட்டோடு சேர்த்து இழிவு சுமத்தப்பட்ட பறை பலிபீடத்துக்கு அருகே வந்தபோது முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அப்பாவு கிராமியப் பாட்டைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பாடுகிறவர் மாற்றிக்கொள்ளலாம். தன் கஷ்டத்தையும் ஒரு சரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அச்சில் ஏறிய கீர்த்தனையில் அது முடியாது. எனக்கு ஆச்சியின் இழுவை நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான். அவள் யாரையும் கேட்காமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இதற்கிடையே கேசட் வந்தது. கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ சபைப் பிரிவு பார்க்காமல் எல்லா வீட்டிலும் ஒலித்தது. இரண்டு வரி, கைதட்டல், திரும்பத் திரும்ப. பண்டிதர்கள் அதைக் குறைத்துப் பேசினாலும், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே நாளில் பாடக் கற்றுக்கொண்டார் என்பதை மறுக்க முடியாது. இப்போது பல ஆலயங்களில் எண் பலகை போன இடத்தில் திரை தொங்குகிறது. கீபோர்டும் டிரம்ஸும் வந்தாயிற்று. இசைக்கருவிகள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆர்மோனியமும் ஒரு காலத்தில் கப்பலேறி வந்ததுதானே. வருத்தம் ஒலிபெருக்கியின் மேல்தான். மேடையில் நாலு பேர் மைக்கில் பாடுகிறார்கள். கீழே நானூறு பேர் உதட்டை அசைக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் குரல் எனக்குக் கேட்பதில்லை, என் குரல் எனக்கே கேட்பதில்லை.

பாட்டின் பொருளைவிடப் பாடும் குரலே தன்னை உருக்குகிறதோ என்று அகஸ்டின், ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன், தன் ‘ஒப்புதல்கள்’ நூலில் கவலைப்பட்டார். இருந்தும் பாட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை; மனமாறிய புதிதில் சபையாரின் பாட்டைக் கேட்டு அழுதவர் அவர். அவரை அழவைத்தது ஒரு கூட்டத்தின் பாட்டு.

முழு மனதோடு பாடுவது என்றால் கண்ணை மூடிக் கையை உயர்த்துவது என்று இப்போது ஆகிவிட்டது. உயர்த்துகிறவர்கள் உயர்த்தட்டும். ஆச்சி கையை உயர்த்தியதில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்துவைத்தே பாடுவாள். தாத்தாவை அடக்கம் செய்த நாளில் கல்லறைத் தோட்டத்தில் அவள் பாடியது ஒரு பாமாலை. ஆர்கன் இல்லை, புத்தகமும் இல்லை. அன்றைக்கு அது யார் வீட்டு மெட்டு என்று யாராவது கேட்டிருந்தால், அவளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

பாடகர் குழுத் தலைவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பாட்டுக்கு, பாமாலையோ கீர்த்தனையோ கும்மியோ, மைக்கை அணைத்துவிடுங்கள். தாளம் தப்பினால் தப்பட்டும். பின்வரிசை வந்து சேரும்வரை கொஞ்சம் காத்திருங்கள்.