விறகடுப்புத் தெரிவு (பழைய வீடுகள்)

விறகடுப்பு என்பது விறகை எரித்துச் சமைக்கவும் நீரைச் சூடாக்கவும் பயன்படும் அடுப்பு ஆகும். குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்குவதற்கும் இது பயன்படுகிறது; காற்றுப் புகும் பழைய வீட்டுக்கு எவ்வளவு பெரிய அடுப்பு வேண்டும் என்பதே அங்கு முதற் கேள்வி. திருச்சிராப்பள்ளியில் மார்கழியிலும் அத்தேவை எழுவதில்லை. இங்கு பழைய வீட்டுக்கு அடுப்பைத் தெரிவு செய்கையில், புகை எவ்வழியே வெளியேறும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

வீட்டின் அமைப்பு

திருவரங்கம் (ஸ்ரீரங்கம்) காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகும். அரங்கநாதசுவாமி கோயிலின் வெளிச் சுற்றுகளான உத்திர வீதி, சித்திரை வீதி முதலியவற்றில் குடியிருப்புகள் உள்ளன. இங்குள்ள பழைய வீடுகள் பொதுவாக அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். பக்கச் சுவர் அடுத்த வீட்டை ஒட்டியிருப்பதால் அடுக்களைக்குப் பக்கச் சாளரம் இராது. புகைக்கு எஞ்சும் வழிகள் புகைக்கூண்டு, கொல்லைக் கதவு, முற்றம் ஆகியனவே.

முற்றமுள்ள வீட்டில் புகை தங்காது என்பது பரவலான கருத்து. இது பாதி மட்டுமே சரி. முற்றத்தை அடையும் முன் புகை சமைப்பவரின் முகத்தைக் கடந்தே செல்கிறது. வீட்டினுள் எரிபொருட் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

காற்றும் புகைபோக்கியும்

ஒரு கிலோகிராம் காய்ந்த விறகு முழுமையாக எரிய ஏறத்தாழ 5 கனமீட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் மிகுதியாக உண்டாகும். மாறாக, பலத்த காற்று தீநாவைப் பாத்திரத்தின் அடியிலிருந்து விலக்கி விறகை வீணாக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் திருச்சிப் பகுதியில் வலுவாக வீசும். கொல்லைக் கதவு மேற்கு நோக்கியிருந்தால் அக்காற்று புகையைக் கூடத்துக்குத் தள்ளும். உயரம் குறைந்த புகைபோக்கியில் புகை கீழிறங்குவதும் உண்டு. ஆகவே புகைபோக்கி அருகிலுள்ள கூரை முகட்டை விட உயர்ந்திருக்க வேண்டும்.

மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்ட மெட்ராஸ் டெரஸ் தளமாயின், புகைக்குழாய் உத்தரத்தை ஒட்டிச் செல்லலாகாது. இது பலரும் கவனிக்கத் தவறும் தீ அபாயமாகும்.

அடுப்பு வகைகள்

மண் அடுப்பு மலிவானது. வீட்டிலேயே பூசிச் சரிசெய்யலாம். ஆனால் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகும். பக்கத்தில் இரண்டாவது கண் உள்ள கொடி அடுப்பு வீணாகும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறது. இருப்பினும் புகையைக் குறைத்துவிடுவதில்லை.

அடுக்களைக்குள் எரிப்பதாயின் புகைபோக்கியுடன் கூடிய புகையில்லா அடுப்பே ஏற்றது. 1950களில் ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு இத்தகைய அடுப்பொன்றை உருவாக்கினார். 1983இல் இந்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அது 2002இல் கைவிடப்பட்டது. தரமற்ற கட்டுமானமும் பராமரிப்பின்மையும் அதன் முக்கியக் குறைகள். கரி அடைத்த புகைபோக்கி உள்ள அடுப்பு, புகைபோக்கி இல்லாத அடுப்பை விட மேலானதன்று. எனவே குழாயின் அடியில் கரி எடுக்கும் திறப்பு இருக்கிறதா என்று பார்த்தே தெரிவு செய்தல் நலம்.

இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 13152, 2013) எடுத்துச் செல்லத்தக்க அடுப்புகளுக்கு வெப்பத்திறன் குறைந்தது 25 விழுக்காடும், விசிறி பொருத்தியவற்றுக்கு 35 விழுக்காடும் இருக்க வேண்டும் என்கிறது. இவற்றில் பலவற்றுக்குச் சிறு துண்டுகளாக வெட்டிய விறகு வேண்டும். புகைபோக்கி இல்லாதவற்றைக் கொல்லையில் வைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

விறகு

சவுக்கு, சீமைக்கருவேலம் ஆகியன எளிதில் கிடைப்பவை. எந்த அடுப்பாயினும் ஈர விறகு புகையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே விறகைப் பிளந்து கூரையடியில் அடுக்கி வைப்பது வழக்கம்.

இக்காலப் பயன்பாடு

சமையல் எரிவாயு பரவிய பின் நகர வீடுகளில் விறகடுப்பு பெரும்பாலும் வெந்நீர்த் தவலைக்கும் விசேட நாட்களின் பெருஞ்சமையலுக்கும் சுருங்கிவிட்டது. பெருஞ்சமையலுக்குச் செங்கல்லை அடுக்கிக் கோட்டை அடுப்பு அமைப்பர். வெந்நீர் அடுப்பு கிணற்றடியை ஒட்டி, கொல்லையில் தனிக் கூரையின் கீழ் இருப்பின் அடுக்களையில் புகைபோக்கி கட்டும் தேவையே எழாது.