820 கி.மீ. போக 8,000 கி.மீ. சுற்றணுமா? இகாலுயிட் – நூக் விமானக் கணக்கு

கனடாவின் நூனாவுட் பிரதேசத் தலைநகர் இகாலுயிட். கடலுக்கு அந்தப் பக்கம், கிரீன்லாந்தின் தலைநகர் நூக். இரண்டுமே ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இடையிலுள்ள வான்வழித் தூரம் சுமார் 820 கி.மீ. சிறிய டர்போபிராப் விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நேரடி விமானம் இருந்தால்!

மேப்பை நம்பலாமா?

போனில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே பெரிய கடல் தெரியும். நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம் வடக்கே போகப் போக நிலத்தை இழுத்துக் காட்டும். 64 டிகிரி வடக்கில் எல்லாமே இரண்டு மடங்குக்கு மேல் நீளமாகத் தெரியும். பூமத்திய ரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 111 கி.மீ. என்றால், இங்கே வெறும் 49 கி.மீ.தான்.

நேரடி விமானம் இல்லைன்னா?

இகாலுயிட்டிலிருந்து முதலில் தெற்கே ஒட்டாவா. அங்கிருந்து டொரோன்டோ, பிறகு அட்லாண்டிக்கைத் தாண்டி ஐஸ்லாந்து, மறுபடி மேற்கே திரும்பி நூக். மொத்தம் 8,000 கி.மீ.க்கு மேல். பறப்பதற்கே 12, 13 மணி நேரம் ஆகும். இணைப்பு விமானத்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒன்றரை, இரண்டு நாள் ஓடிவிடும். காரில் போகவும் வழியில்லை. இரண்டு ஊரையும் வெளியூர்களோடு இணைக்கும் சாலையே கிடையாது.

ஏன் இந்தச் சுற்று?

முதல் காரணம், பயணிகள் குறைவு. இகாலுயிட்டின் மக்கள்தொகை சுமார் 7,400. நூக்கில் சுமார் 20,000.

இரண்டாவது காரணம், ஆட்சி. நூனாவுட்டின் விமானங்கள் கனடாவின் தெற்கு நகரங்களை நோக்கியும், கிரீன்லாந்தின் விமானங்கள் டென்மார்க்கின் கோபன்ஹேகனை நோக்கியும் வளர்ந்தன. ஆனால் இரு கரையிலும் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் இன்யூட் மக்கள். அவர்கள் பேசுவதும் ஒரே குடும்பத்து மொழிகள். பக்கத்துக் கரையில் இருக்கும் சொந்த இனத்தாரைப் பார்க்க, அவர்கள் இன்னொரு நாட்டைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது காரணம், ஓடுபாதை. நூக்கில் இருந்தது வெறும் 930 மீட்டர். பெரிய ஜெட் இறங்க முடியாது. 2024 நவம்பரில்தான் 2,200 மீட்டர் ஓடுபாதை திறக்கப்பட்டது.

நேரடி சேவை வந்ததா?

வந்தது. 2012 முதல் சில கோடைக்காலங்களில் ஓடி, பின்னர் நின்றது. 2024 ஜூனில் ஏர் கிரீன்லாந்து மீண்டும் தொடங்கியபோது, வாரம் ஒரே ஒரு விமானம், அதுவும் பருவகாலத்துக்கு மட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நூக் கடிகாரம் இகாலுயிட்டைவிட 3 மணி நேரம் முன்னால் ஓடும். நூக்கில் காலை 10 மணிக்குக் கிளம்பினால், இகாலுயிட்டில் இறங்கும்போது மணி 9 தான்!

எதைப் பார்க்கணும்?

இந்த மாதிரி ஊர்களுக்கு டிக்கெட் தேடும்போது கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீங்க. நேரடி விமானம் இருக்கா, வாரத்தில் எத்தனை நாள், எந்த மாதங்களில் ஓடும் என்று பாருங்க. பனிமூட்டமோ புயலோ வந்து வாராந்திர விமானம் ரத்தானால், அடுத்தது ஒரு வாரம் கழித்துத்தான்.