கோட்டையை வீழ்த்திய ஆறு

மாணவர்களே, ரோமானியப் படை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது ‘ஆமை அணி’யாகத்தான் இருக்கும். முன்வரிசை வீரர்கள் கேடயங்களை முன்னால் பிடிக்க, பின்வரிசையினர் தலைக்கு மேல் கூரைபோல் பிடிப்பார்கள். அம்பும் கல்லும் உள்ளே புகாது. சினிமாவுக்கு ஏற்ற காட்சி! ஆனால் அத்தனை நெருக்கத்தில் வாளை வீச இடமிருக்காது, நடையும் மெதுவாகிவிடும். மதிலை நெருங்க உதவுமே தவிர, போரை முடித்துவைக்காது.

கி.மு. 52இல் இன்றைய பிரான்சில், குன்றின் மேல் இருந்த அலேசியா நகரை ஜூலியஸ் சீசர் பிடித்தது மண்வெட்டியால் என்றே சொல்லலாம். அவருடைய வீரர்கள் குன்றைச் சுற்றி ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு அகழியும் அரணும் அமைத்தார்கள். உதவிப்படை வந்தால் தடுக்க, அதற்கு வெளியே இன்னொரு சுற்று. உள்ளே தானியம் குறைந்தது. உதவிக்கு வந்த படையும் தோற்றது. தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸ் சரணடைந்தார்.

இதே கணக்கை நம் ஊரிலும் போட்டிருக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானில் இறங்குங்கள். அங்கே குன்றின்மேல் ராஜா மஹாடி கோட்டையின் நுழைவாயில் இன்னும் நிற்கிறது. 1867இல் ராஜா அப்துல்லாவிடமிருந்து கிள்ளானைப் பறித்தவர் அவர்.

ஏன் கிள்ளான்? கோலாலம்பூர் ஈயம் ஆற்றில் இறங்கி வரும். அரிசி ஆற்றில் ஏறிப் போகும். வரி வசூலிப்பவர் கையில் பணம் கொழிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நாளுக்கு அரைக் கிலோ அரிசி என்றால், சுரங்கத்தில் 1,000 தொழிலாளர்களுக்கு 500 கிலோ. காட்டுப் பாதையில் ஆளுக்கு 25 கிலோ சுமந்தாலும் 20 பேர் தேவை, அதுவும் தினமும். சுமப்பவர்களும் வழியில் சாப்பிட வேண்டுமே! படகிலோ சுமையின் எடையை நீரின் மிதப்பு விசை தாங்கிக்கொள்கிறது. துடுப்புப் போடுபவர் எடையைத் தூக்குவதில்லை, நீரின் தடையைத்தான் வெல்கிறார். அதனால் சிலரே அத்தனை அரிசியையும் கொண்டுபோய்விடலாம்.

அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயில் 1869இல் திரும்பி வந்தபோது குன்றுக்கு நேராக ஏறவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் இருந்த காவல் அரண்களை முதலில் பிடித்தார். பிறகு சுல்தானின் மருமகன் தெங்கு குடினும் சேர்ந்துகொள்ள, முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. 1870இல் மஹாடி கிள்ளானை விட்டு வெளியேறினார். பாடம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு அவர் தரப்பினர் பிடித்தது இன்னோர் ஆற்றின் முகத்துவாரமான கோலசிலாங்கூரை!

1872இல் நிலைமை தலைகீழானது. குடினின் வீரர்கள் கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் குன்றின்மேல் இருந்தார்கள். சையத் மஷோரின் படை சுற்றி வளைத்து வழிகளை அடைத்தது. குன்றை விட்டுத் தப்ப முயன்றவர்களில் பெரும்பாலோர் கிள்ளான் போய்ச் சேரவில்லை. அந்தக் குன்றில்தான் இன்று கே.எல். கோபுரம் நிற்கிறது.